ஈஸ்ட் உள்ளே போனதா, மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

கேள்வி: தருமபுரியில் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி இரண்டாம் வருடம் படிக்கிறேன். சீந்தில் கொடிச் சாறு வெள்ளையணுக்களின் விழுங்கும் திறனைக் கூட்டுகிறதா என்று பார்ப்பதுதான் புராஜெக்ட். எங்கள் லேபில் செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் இல்லை, ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பும் இல்லை. கைடு நியூட்ரல் ரெட் போடச் சொல்கிறார். சீனியர் அக்கா ஈஸ்ட் கொடுத்து ஜீம்சா போட்டு எண்ணினால் போதும் என்கிறார். எந்தச் சாயம் சரி?

பதில்:

உங்கள் சீனியர் சொன்னதுதான் பாதை, ஆனால் அதில் பாதிதான் சொல்லியிருக்கிறார். நான் கிருஷ்ணகிரியில் ரொம்ப வருடமாக லேப் வேலை பார்க்கிறேன், டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். இந்தச் சோதனையில் பிள்ளைகள் தடுமாறும் இடம் எப்போதும் ஒன்றுதான். சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வெள்ளையணுவின் மேல் ஈஸ்ட் தெரியும். அது செல்லுக்குள் இருக்கிறதா, வெளியே சவ்வின் மேல் ஒட்டிக்கொண்டு இருக்கிறதா என்பதை ஜீம்சா, லீஷ்மன் போன்ற ரத்த ஸ்லைடுச் சாயங்கள் உங்களுக்குச் சொல்லாது. மேலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். விழுங்கலை அளக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒட்டலை அளந்துகொண்டு இருப்போம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூலிகைச் சாற்றுக்கு இதே சோதனையைச் செய்தோம், எண்ணிக்கை அழகாக ஏறியது, எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று மாதம் கழித்து, வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் "ஐஸில் வைத்த குழாயின் கணக்கு எங்கே?" என்று கேட்டார். அப்படி ஒன்றை நாங்கள் வைக்கவே இல்லை. மறுநாள் வைத்துப் பார்த்தோம். ஐஸில் இருந்த செல்களிலும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை வந்தது. குளிரில் செல் விழுங்காது, ஆனால் ஈஸ்ட் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சாறு ஈஸ்ட்டைப் பிசுபிசுப்பாக்கி ஒட்ட வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மூன்று மாத ஸ்லைடுகளையும் ஒதுக்கி வைத்தோம். அந்த நாளை இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன், உங்கள் தீசிஸ் முன்னுரைக்கும் உதவும். வெள்ளையணு விழுங்குவதை நோய் எதிர்ப்போடு சேர்த்துப் பார்த்தவர் மெச்னிகாஃப் என்ற விலங்கியலாளர். 1882-இல் சிசிலித் தீவின் மெசினாவில், கண்ணாடி போலத் தெளிவான நட்சத்திர மீன் லார்வாவுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றதைப் பார்த்தார். அவருக்கு 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்டவர் பால் எர்லிக், ரத்த செல்களுக்குச் சாயமேற்றும் கலையை வளர்த்த அதே மனிதர். நம் ஊரில் எந்தச் சின்ன லேபிலும் இருக்கும் லீஷ்மன் பாட்டிலுக்குப் பெயர் கொடுத்த வில்லியம் லீஷ்மன், 1901-இல் அந்தச் சாயத்தை வெளியிட்டார். அடுத்த வருடமே, 1902-இல், வெள்ளையணு எத்தனை கிருமியை விழுங்குகிறது என்று எண்ணி அளக்கும் முறையையும் அவரே எழுதினார். அந்த முறையை மாற்றியமைத்துத்தான் ஆல்ம்ராத் ரைட்டும் டக்ளஸும் 1903-இல், சீரத்தில் இருக்கும் ஏதோ ஒன்று கிருமியின் மேல் படிந்து அதை விழுங்க ஏற்றதாக ஆக்குகிறது என்று காட்டி, அதற்கு ஆப்சோனின் என்று பெயர் வைத்தார்கள். நீங்கள் செய்யப் போவது நூறு வருடம் தாண்டிய முறை. அதை மட்டமாக நினைக்க வேண்டாம்.

சரி, நியூட்ரல் ரெட். உங்கள் கைடு சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: தட்டில் போட்டு, கழுவி, அசிட்டிக் அமிலமும் எத்தனாலும் கலந்து சாயத்தை வெளியே எடுத்து, 540 நானோமீட்டரில் ரீடிங் எடுத்தால் ஒரு மதியத்தில் வேலை முடியும். நிறையக் கட்டுரைகளில் இதை "விழுங்கல் சோதனை" என்றே எழுதுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. நியூட்ரல் ரெட் ஒரு கரைந்த சாயம், துகள் கிடையாது. பலவீனமான காரம் என்பதால் தானாகவே சவ்வைத் தாண்டி உள்ளே போய், செல்லின் செரிமானப் பையான, அமிலமாக இருக்கும் லைசோசோமில் மாட்டிக்கொள்கிறது. விழுங்குவதைத் தொழிலாகக் கொள்ளாத தோல் செல்கூட அதை எடுத்துக்கொள்ளும், அதனால்தான் செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இதே சாயத்தைப் பயன்படுத்துகிறார்கள். ரீடிங் கூடினால் செல்கள் அதிகம் என்றும் இருக்கலாம், லைசோசோம் பெருத்தது என்றும் இருக்கலாம், உங்கள் சாற்றின் நிறம் தட்டில் ஒட்டிக்கொண்டது என்றும் இருக்கலாம். கைடிடம் முறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் சொன்னதையும் செய்யுங்கள், ஆனால் "செல் உயிர்ப்பு" என்ற தலைப்பின் கீழ் போடுங்கள், சாறு செல்லைக் கொல்லவில்லை என்று காட்ட அது உங்களுக்கே தேவைப்படும்.

யாராவது என்.பி.டி. (நைட்ரோ ப்ளூ டெட்ரசோலியம்) என்ற சாயம் போடச் சொன்னாலும் இதே எச்சரிக்கைதான். மஞ்சள் நிற என்.பி.டி., செல் வெளியிடும் சூப்பர் ஆக்சைடு என்ற தீவிரமான ஆக்சிஜன் வடிவத்தால் கருநீலமாக மாறுவது பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அது விழுங்கிய பிறகு கொல்வதற்காக நடக்கும் வேலையை அளக்கிறது. சூப்பர் ஆக்சைடு செய்ய முடியாத பரம்பரை நோயான நாட்பட்ட கிரானுலோமா நோய் உள்ள பிள்ளைகளின் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் கிருமியை நன்றாகவே விழுங்கும், என்.பி.டி. மட்டும் நீலமாகாது. இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தவிர, மூலிகைச் சாற்றில் இருக்கும் டானின், பாலிபீனால் எல்லாம் செல்லே இல்லாத குழியில்கூட என்.பி.டி.யை நீலமாக்கும். செல் உயிர்ப்பைப் பார்க்கும் எம்.டி.டி. சோதனையிலும் இதே தொல்லை உண்டு. செல் இல்லாமல் சாறும் சாயமும் மட்டும் போட்ட குழி ஒன்றைக் கட்டாயம் வையுங்கள்.

இப்போது உங்கள் லேபிலேயே செய்யக்கூடியது. இதை இழுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் புத்தகத்தில் நாலு வரியில் முடித்துவிடுவார்கள்.

பேக்கரிக்கு விற்கும் உலர் ஈஸ்ட் போதும். சலைனில் கலக்கி, கொதிக்கும் தண்ணீர் பாத்திரத்தில் அரை மணி நேரம் வைத்துக் கொல்லுங்கள், மூன்று முறை சென்ட்ரிஃபியூஜ் செய்து கழுவுங்கள், கட்டிகளை உடைக்க மெல்லிய துணியில் வடிகட்டுங்கள், நியூபாவர் சேம்பர் என்ற கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடியில் எண்ணுங்கள். மில்லிக்கு 1 கோடி அளவில் வைத்துக்கொண்டால் கையாள எளிது. கொல்வது முக்கியம், ஏன் என்று கீழே வருகிறது. பிறகு ஈஸ்ட்டைப் புது சீரத்தில் 37 டிகிரியில் அரை மணி நேரம் ஊற வையுங்கள், ரைட் சொன்ன ஆப்சோனின் படிய வேண்டும். இதே ஈஸ்ட்டில் ஒரு பங்கை, 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிய சீரத்தில் ஊற வையுங்கள். சீரத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதங்கள் அந்தச் சூட்டில் செயலிழந்துவிடும், விழுங்கலும் குறைய வேண்டும். அடியோடு நின்றுவிடாது, ஈஸ்ட் சுவரில் இருக்கும் பீட்டா குளூக்கானை வெள்ளையணு சீரம் இல்லாமலேயே அடையாளம் காணும். ஆனால் குறைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உங்கள் சீரம் பழையது.

ரத்தம் ஊதா மூடிக் குழாயில் எடுக்காதீர்கள். அதில் இருக்கும் ஈ.டி.டி.ஏ., கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும், காம்ப்ளிமென்ட் வேலை செய்யாது, செல்லும் சரியாக ஒட்டாது. ஹெபாரின் போட்ட பச்சை மூடிக் குழாய் எடுங்கள். இன்னும் எளிது வேண்டுமானால் எதுவும் கலக்காத ஒரு சொட்டு ரத்தத்தை நேரே கவர் ஸ்லிப்பில் விட்டு, ஈரமான வடிதாள் போட்ட பெட்ரி டிஷ்ஷில் வைத்து, 37 டிகிரியில் 25 நிமிடம் விடுங்கள். ரத்தம் உறையும், நியூட்ரோபில்லும் மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவும் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். உறைந்த கட்டியைச் சலைனில் மெதுவாகக் கழுவினால் போய்விடும், ஒட்டியவை நிற்கும். காய விட்டால் எல்லாம் வீண். எப்படி எடுத்தாலும் மனித ரத்தம் என்பதால் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி முதலில் வாங்குங்கள், கையுறை போடுங்கள், கழிவை ஹைப்போகுளோரைட்டில் ஊற வைத்த பிறகே கொட்டுங்கள்.

ஒவ்வொரு மாதிரிக்கும் நான்கு கவர் ஸ்லிப் செய்யுங்கள். இரண்டை 37 டிகிரியில், இரண்டை ஐஸில். அறை வெப்பத்தில் வைத்து அதைக் குளிர் கன்ட்ரோல் என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலில் தருமபுரியில் ஃபேன் மட்டும் ஓடும் லேபில் அறை வெப்பமே இன்குபேட்டரை எட்டிப் பிடிக்கும், செல் தாராளமாக விழுங்கிக்கொண்டிருக்கும். ஐஸ் மெஷின் இல்லாவிட்டால் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, உடைத்து, தண்ணீரோடு கலந்து அதில் வையுங்கள், ஈஸ்ட் ஊற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்பே வையுங்கள், ஈஸ்ட்டும் குளிர்ந்திருக்க வேண்டும். வசதி இருந்தால் சைட்டோகலாசின் டி வாங்கலாம், அது ஆக்டினைத் தடுத்து விழுங்கலை நிறுத்தும். இல்லாவிட்டாலும் ஐஸ் போதும்.

ஈஸ்ட் ஊற்றி நேரம் முடிந்ததும் (எவ்வளவு நேரம் என்று கீழே சொல்கிறேன்) ஒட்டாத ஈஸ்ட்டைக் கழுவுங்கள். இப்போது 37-இல் ஒன்றையும் ஐஸில் ஒன்றையும் மெத்தனாலில் போடாமல், உயிரோடு, 0.2 சதவீத ட்ரிபான் ப்ளூ ஒரு சொட்டின் மேல் கவிழ்த்து, உடனே 40 லென்ஸில் பாருங்கள். உயிருள்ள நியூட்ரோபில் ட்ரிபான் ப்ளூவை உள்ளே விடாது. செத்த ஈஸ்ட் அதை அப்படியே உறிஞ்சும். அதனால் வெளியே ஒட்டியிருக்கும் ஈஸ்ட் நீலமாகிவிடும், உள்ளே போன ஈஸ்ட் வெள்ளையணுவின் பாதுகாப்பில் நிறமில்லாமல் பளபளவென்று தெரியும். ஈஸ்ட்டைக் கொன்று எடுக்கச் சொன்னது இதற்காகத்தான், உயிருள்ள ஈஸ்ட்டும் சாயத்தை விடாது, அப்புறம் எது உள்ளே எது வெளியே என்று தெரியாது. சாயத்துக்கு முன் சீரம் போகக் கழுவிவிடுங்கள், ட்ரிபான் ப்ளூ புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். முழுதும் நீலமான வெள்ளையணு செத்தது, அதை எண்ண வேண்டாம். சில நிமிடங்களுக்குள் எண்ணி முடிக்க வேண்டும், நேரம் ஆக ஆக நல்ல செல்லும் சாகும். ட்ரிபான் ப்ளூ கையில் படக்கூடாத சாயம், கவனம்.

மீதி இரண்டை மெத்தனாலில் நிலைநிறுத்தி லீஷ்மன் அல்லது ஜீம்சா போடுங்கள். அது உங்கள் நிரந்தர ஸ்லைடு, படம் எடுக்க, எந்த வகைச் செல் என்று அடையாளம் காண. மோனோசைட்டை நியூட்ரோபில்லோடு சேர்த்து எண்ணிவிடாமல் இருக்க இது வேண்டும்.

இங்கே நம் மாவட்டத்துத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. லீஷ்மன் சாயத்தை பி.எச். 6.8 உள்ள பஃபர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். நம் போர்வெல் தண்ணீர் உப்பும் காரமுமாக இருக்கும். அதைக் கலந்தால் ஸ்லைடு முழுக்க நீலம் பூத்துவிடும், சிவப்பணு சாம்பல் பச்சையாகும், ஈஸ்ட்டும் உட்கருவும் ஒரே கருநீலத் திட்டாகத் தெரியும். சாயம் கெட்டுவிட்டது என்று புது பாட்டில் வாங்கியவர்களை எனக்குத் தெரியும், பாட்டிலில் ஒரு குறையும் இருந்திருக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதும் உங்களுக்குத் தெரியும், அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. இந்தியத் தரத்தில் குடிநீருக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. ஆய்வகத்தில் மிக அதிகச் செறிவில் ஃப்ளோரைடு கொடுத்தால் நியூட்ரோபில் கிருமியே இல்லாமல் கிளர்ச்சியாகி சூப்பர் ஆக்சைடு வெளியிடும். குழாய்த் தண்ணீரில் இருப்பது அதற்கு எவ்வளவோ கீழே. இருந்தாலும் உயிருள்ள செல்லைத் தொடும் எதையும் காய்ச்சி வடித்த தண்ணீரில் மட்டும் தயாரியுங்கள்.

எண்ணும்போது இரண்டு கணக்கு வேண்டும். ஒரு ஈஸ்ட்டாவது விழுங்கிய செல்கள் நூற்றுக்கு எத்தனை என்பது ஒன்று. ஒரு செல்லுக்குச் சராசரி எத்தனை ஈஸ்ட் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் பலர் விழுங்கல் குறியீடு என்கிறார்கள், சிலர் இரண்டையும் பெருக்கி அதற்கும் அதே பெயர் வைக்கிறார்கள், எனவே நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். குறைந்தது 200 செல் எண்ணுங்கள். எந்த ஸ்லைடில் சாறு, எதில் வெறும் சலைன் என்பது எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. தோழியிடம் கொடுத்து லேபிளை மறைத்து எண் போடச் சொல்லுங்கள். நாம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் கண் ஆசைப்பட்ட பக்கம்தான் சாயும்.

நேரமும் ஒன்று மட்டும் போதாது. ஈஸ்ட் ஏறத்தாழ 5 மைக்ரான், ஸ்மியரில் நியூட்ரோபில் 12 முதல் 15 மைக்ரான். கேழ்வரகுக் களி உருண்டை மாதிரி அடுத்தடுத்து உள்ளே தள்ளிக்கொண்டே போக முடியாது, நாலைந்து போனதும் வயிறு நிறைந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சாறு கொடுத்த செல்லும் கொடுக்காத செல்லும் ஒரே மாதிரி நிறைந்திருக்கும், வித்தியாசம் மறைந்துவிடும். 5, 15, 30, 60 நிமிடங்களில் பாருங்கள். சாறு வேலை செய்கிறது என்றால் 5-இலும் 15-இலும்தான் அது தெரியும்.

சீந்தில் சாற்றைப் பற்றி இரண்டு விஷயம். சாறும் ஈஸ்ட்டும் மட்டும், செல் இல்லாமல், ஒரு குழாய் வையுங்கள், ஈஸ்ட் கட்டி கட்டுகிறதா என்று தெரியும். எங்கள் மூன்று மாதத்தை விழுங்கியது இதுதான். அடுத்து எண்டோடாக்சின். வேப்ப மரத்தில் படர்ந்த கொடியை வெட்டி எடுக்கிறீர்கள், அதன் மேல் கிராம் நெகட்டிவ் பாக்டீரியா இல்லாமல் இருக்காது. அவற்றின் சுவர்ப் பொருளான இந்த எண்டோடாக்சின் ஆட்டோக்ளேவில்கூட முழுதாக அழியாது, மிகச் சிறிய அளவே வெள்ளையணுவைத் தூண்டிவிடும். அப்போது நீங்கள் அளப்பது சீந்திலை இல்லை, பாக்டீரியா மிச்சத்தை. எண்டோடாக்சினைச் செயலிழக்கச் செய்யும் பாலிமிக்சின் பி சேர்த்த ஒரு குழாய் வைத்து, அதிலும் அதே விளைவு வருகிறதா என்று பாருங்கள். கண்ணாடிப் பாத்திரங்களை 250 டிகிரி உலர் சூட்டில் அரை மணி நேரம் வைப்பது நல்லது.

ஃப்ளோரசன்ஸ் பக்கம் போக ஆசை இருந்தால், கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு இரண்டு மணி நேரப் பயணம்தான், கட்டணம் வாங்கிக்கொண்டு ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டிக் கொடுக்கும் இடங்கள் உண்டு. அங்கேயும் கேள்வி மாறாது, உள்ளேயா வெளியேயா. எஃப்.ஐ.டி.சி. என்ற ஒளிரும் சாயம் ஏற்றிய ஈஸ்ட் பச்சையாக ஒளிரும், ட்ரிபான் ப்ளூ சேர்த்தால் வெளியே இருப்பதன் ஒளி அணைந்துவிடும், உள்ளே இருப்பது மட்டும் மிஞ்சும். ஆனால் அமிலத்தில் எஃப்.ஐ.டி.சி.யின் ஒளி மங்கும், மேக்ரோபேஜ் (திசுக்களில் இருக்கும் பெரிய விழுங்கும் செல்) உள்ளே போனதை அமிலத்தில் ஊற வைக்கும் என்பதால் கணக்கு குறைத்துக் காட்டும். பி.எச்.ரோடோ என்ற சாயம் இதற்கு நேர் எதிர், வெளியே மங்கலாக இருந்து அமிலத்தில் ஒளிரும். மேக்ரோபேஜுக்கு அருமையான சாயம். நியூட்ரோபில்லுக்கு நான் அதை நம்பி இறங்க மாட்டேன், அதன் விழுங்கு பை ஆரம்பத்தில் அமிலமாகாமல் நடுநிலையை ஒட்டியே இருக்கும். இன்னொரு சிக்கல், செல்லை இங்கே நிலைநிறுத்திப் பஸ்ஸில் எடுத்துப் போனால் ட்ரிபான் ப்ளூ வித்தை பலிக்காது. செத்த செல் சாயத்தை உள்ளே விடும், எல்லா ஒளியும் அணையும். அப்படியானால் ஈஸ்ட்டில் எஃப்.ஐ.டி.சி.யோடு பயோட்டினையும் ஏற்றி, விழுங்கல் முடிந்ததும் செல் உயிரோடு இருக்கும்போதே பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும், சிவப்பாக ஒளிரும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதத்தைப் போடுங்கள். அது வெளியே இருப்பதில் மட்டும் ஒட்டும். அதன் பிறகு நிலைநிறுத்தி எடுத்துப் போகலாம், பச்சை மட்டும் என்றால் உள்ளே, பச்சையும் சிவப்பும் என்றால் வெளியே.

இதெல்லாம் பிறகு. முதல் வாரம் சீந்தில் சாற்றைத் தொடவே வேண்டாம். வெறும் செல், வெறும் ஈஸ்ட், 37 டிகிரி ஒன்று, ஐஸ் ஒன்று, இரண்டிலும் ட்ரிபான் ப்ளூ. 37-இல் நிறமில்லாத ஈஸ்ட் நிறையவும், ஐஸில் ஏறக்குறைய எல்லாம் நீலமாகவும் வர வேண்டும். மூன்று வேறு வேறு நாட்களில் மூன்று தடவை அப்படி வந்தால் சாற்றை ஆரம்பியுங்கள். வரவில்லை என்றால் எந்த இடத்தில் என்ன செய்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.